வீட்டில் கட்டிய வால்வு ஹெட்போன் ஆம்ப் உறுமினால் எங்கே தேடுவது?

வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) வைத்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கையாலேயே கட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டால், பாட்டுக்கு முன்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் வந்து நிற்கிறது. ஸ்பீக்கர் என்றால் நாலடி தள்ளி உட்கார்ந்து மறந்துவிடலாம், ஹெட்போனில் அது காதுக்குள்ளேயே இருக்கும். பலரும் உடனே பெரிய கெப்பாசிட்டராக வாங்கி மாட்டுகிறார்கள், இல்லையென்றால் விலை கூடிய வால்வைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் வீண் செலவு. ட்ரான்ஸ்ஃபார்மர் சத்தம் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது இரும்பின் அதிர்வாக வரலாம், காந்தப்புலமாக ஒயருக்குள் ஏறலாம், ரெக்டிஃபயரின் (ஏசியை டிசியாக்கும் பகுதி) துடிப்பாக கிரவுண்டில் கலக்கலாம், ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை) வழியாக வால்வுக்குள்ளும் நுழையலாம். எது என்று பிரித்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது, பல நேரங்களில் ஒரு பைசாகூடச் செலவாகாது.

உதாரணத்துக்கு நிறையப் பேர் கட்டும் ஒரு அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: முன்னால் ஒரு 12ஏயூ7 வால்வு, பின்னால் கேதோடு ஃபாலோயராக (வோல்டேஜைக் கூட்டாமல் ஹெட்போனுக்குக் கரண்ட் தரும் கட்டம்) ஒரு 6080 வால்வு, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது, 300 ஓம் ஹெட்போன். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், அவர்களுக்கென்று தனியாக ஒரு நல்ல சோதனையும் கீழே இருக்கிறது.

முதலில் உயிர் சமாச்சாரம். இந்த ஆம்ப்பில் ஹெச்டி (HT, வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) 200 வோல்ட் டிசி பக்கம் இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் நிற்கும். உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு முறையும் ப்ளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப்பில் பிடித்துச் சார்ஜை இறக்கி, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும். கரண்ட் ஓடும்போது உள்ளே எதையும் நகர்த்தாதீர்கள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே நோண்டவே நோண்டாதீர்கள். கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் இதில் விதிவிலக்கு இல்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்

ஹெட்போனை ஜாக்கிலிருந்து உருவிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். இப்போதும் சத்தம் கேட்டால் அது இரும்பு அதிர்கிற சத்தம். ட்ரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் காந்தமேறும்போது நீளத்தில் மிக நுட்பமாக மாறும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு அலைக்கு இரண்டு தரம் காந்தமேறுவதால் அந்த அதிர்வு 100 ஹெர்ட்ஸாக வருகிறது. கொஞ்சம் சத்தம் எல்லா ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் உண்டு. ஒரு முழம் தள்ளி அமைதியான அறையில் கேட்கிற அளவுக்கு இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

செகண்டரி ஒயர்கள் (ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆம்ப்புக்குப் போகிறவை) எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றி வைத்துவிட்டு, பிரைமரிக்கு (வீட்டு மின்சாரம் வரும் பக்கம்) மட்டும் கரண்ட் கொடுங்கள். எந்த லோடும் இல்லாமலே உறுமினால் காரணம் இரும்பிலோ, பொருத்தியதிலோ, வீட்டு மின்சாரத்திலோதான். வேரியாக் (கடைகளில் டிம்மர்ஸ்டாட் என்று கேட்டால் கொடுப்பார்கள்) ஒன்று கடன் கிடைத்தால் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு மெதுவாக இறக்குங்கள். 15 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குறைத்திருக்கிறீர்கள், ஆனால் சத்தம் சட்டென்று படுத்துவிட்டது என்றால் இரும்பு அதன் எல்லையில், திணறிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். சுற்றுகளைக் குறைத்து, ஸ்டாம்பிங்கை (இரும்புத் தகடுகளை) குறைத்து, காசு மிச்சம் பிடித்துச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான் இருக்கும். நம் ஊரில் பின்னிரவில் 245, 250 என்று வோல்டேஜ் ஏறும் பகுதிகள் உண்டு. பகலில் சாதுவாக இருந்த ட்ரான்ஸ்ஃபார்மர் இரவில் உறுமுவது அதனால்தான், ஆகவே சத்தம் வரும் நேரத்தில் சாக்கெட்டில் வோல்டேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து கிட் வரவழைத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்ட ட்ரான்ஸ்ஃபார்மரை அதே வோல்டேஜில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இரும்பில் காந்தப்பாய்வு 20 சதவீதம் கூடும். 240 வோல்ட்டுக்கு இணைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது, 50/60 ஹெர்ட்ஸ் என்று லேபிளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது சூடாகும், உறுமும், அதற்கு வயரிங்கில் மருந்தே இல்லை, ட்ரான்ஸ்ஃபார்மரைத்தான் மாற்ற வேண்டும்.

மின்சாரம் போய் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறியதும் மட்டும் ‘கொர்ர்’ என்று கத்துகிறதா? உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. ஆம்ப்பில் எந்தக் கோளாறும் இல்லை, அந்த நேரத்தில் ஆம்ப்பை அணைத்து வைப்பதே நல்லது. இன்னொரு வகை உண்டு: நன்றாக அமைதியாக இருக்கும், திடீரென்று உறுமும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். டொராய்டு (வளைய வடிவ) ட்ரான்ஸ்ஃபார்மர்களில் இது அதிகம். வீட்டில் யாராவது ஹேர் டிரையரைப் பாதி சூட்டில் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். பல டிரையர்கள் பாதி சூட்டுக்கு ஒரு டையோடைப் போட்டு அரை அலையை மட்டும் எடுக்கும், அதனால் வீட்டு லைனில் கொஞ்சம் டிசி கலந்துவிடும். டொராய்டில் காற்று இடைவெளி கிடையாது என்பதால் சில நூறு மில்லிவோல்ட் டிசியே அதை ஒரு பக்கமாக இழுத்துவிடும். இ-ஐ வகைத் (E, I எழுத்து வடிவ) தகடுகளின் இணைப்பில் இயல்பாகவே நுண்ணிய இடைவெளி இருப்பதால் அவை இதைப் பொறுத்துக்கொள்கின்றன.

செகண்டரியை மாட்டிய பிறகுதான் சத்தம் ஆரம்பிக்கிறது என்றால் ஹீட்டரை மட்டும் மாட்டிப் பாருங்கள், அப்புறம் ஹெச்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆம்ப் ஒருநாள் திடீரென்று உறும ஆரம்பித்து ட்ரான்ஸ்ஃபார்மரும் சூடானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரிட்ஜ் ரெக்டிஃபயரின் நான்கு டையோடுகளில் ஒன்று உள்ளே அறுந்து திறந்துகொண்டதை. அப்போது அரை அலைதான் ஓடும், செகண்டரி வழியாகவே டிசி போய் இரும்பைத் திணற வைக்கும். மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் ஐந்து நிமிஷ வேலை. இதே காரணத்தால், புதிதாகக் கட்டும்போதும் அரை அலை ரெக்டிஃபயரைத் தவிர்த்துவிடுங்கள்.

பொருத்துவதில் இருக்கும் விஷயங்கள் சின்னவை, ஆனால் பலன் பெரிது. இ-ஐ ட்ரான்ஸ்ஃபார்மரின் நான்கு போல்ட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். சேஸிஸுக்கும் அதற்கும் நடுவில் ரப்பர் வாஷர் கொடுங்கள். மெல்லிய தகட்டுப் பெட்டி, சின்ன அதிர்வைக்கூடத் தம்புராக் குடம் மாதிரி பெருக்கிக் காட்டும். டொராய்டை அதன் ரப்பர் தட்டுகளோடு மிதமாக இறுக்குங்கள், நடு போல்ட்டின் மேல் முனை பெட்டியின் மூடியைத் தொடவே கூடாது. இரண்டு முனையும் உலோகத்தைத் தொட்டால் அது ஷார்ட்டான ஒரு சுற்றாகி, ட்ரான்ஸ்ஃபார்மர் கத்திக்கொண்டே எரிந்துபோகும். இது மிகைப்படுத்தல் இல்லை, மூடியைப் போட்ட பிறகுதான் உறுமல் வருகிறது என்றால் உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இதைப் பாருங்கள்.

புதிதாகச் சுற்றக் கொடுப்பவர்கள் வைண்டிங் கடையில் சொல்ல வேண்டியது: பிரைமரியை 260 வோல்ட் வரை தாங்கும் சுற்றுக் கணக்கில் போடுங்கள், அதற்கேற்ப செகண்டரி சுற்றுகளைக் கூட்டுங்கள், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் ஒரு ஸ்கிரீன் ஃபாயில் வைத்துத் தனி ஒயராக வெளியே விடுங்கள், முடிந்ததும் வார்னிஷில் முக்கி அடுப்பில் உலர்த்துங்கள். மேலே பூசிய வார்னிஷ் தகடுகளுக்கு நடுவில் இறங்காது.

ஹெட்போனில் மட்டும் கேட்கும் உறுமல்

இங்கேதான் சுருதி உதவும். கைபேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பைப் போட்டு, ஹெட்போனில் 50 ஹெர்ட்ஸையும் 100 ஹெர்ட்ஸையும் மாறி மாறிக் கேளுங்கள் (கைபேசியின் ஸ்பீக்கரில் 50 கேட்காது). இரண்டுக்கும் சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம், சட்ஜமும் மேல் சட்ஜமும். உங்கள் ஆம்ப்பின் உறுமல் வழவழப்பான 50 என்றால் காந்தப்புலம், ஹீட்டர், இன்புட் ஒயரில் ஏறுவது, வெளி கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகளின் கிரவுண்டும் சேர்ந்து உண்டாகும் வளையம்) ஆகியவை சந்தேகத்தில் வரும். 100 என்றால் ஹெச்டி ரிப்பிள், அதாவது டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம். 100-ஓடு கூர்மையான ‘ஸ்ஸ்ர்ர்’ கலந்து வந்தால், ரெக்டிஃபயரின் சார்ஜ் துடிப்பு கிரவுண்டில் தப்பான இடத்தில் கலக்கிறது.

அடுத்து வால்யூம் கண்ட்ரோல். இன்புட்டில் எதையும் செருகாமல், ஆர்சிஏ சாக்கெட்டை ஷார்ட் செய்த ப்ளக் ஒன்றை மாட்டிவிட்டு, மெதுவாகத் திருப்புங்கள். எங்கே வைத்தாலும் சத்தம் மாறவில்லை என்றால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். இரண்டு முனையிலும் குறைந்து நடுவில் மட்டும் ஏறினால், வால்யூமிலிருந்து வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் ஒயர் எதையோ பிடிக்கிறது, ஏனென்றால் வால்யூமின் இம்பீடன்ஸ் நடுவில்தான் அதிகம். அந்த ஒயரை ஷீல்டு ஒயராக மாற்றி, வால்யூமின் உலோக உடம்பை கிரவுண்டில் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்புட் வால்வைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நம் உதாரண ஆம்ப்பில் அதைச் செய்யக் கூடாது. 12ஏயூ7-இன் ப்ளேட் நேராக 6080-இன் கிரிட்டில் இணைந்திருந்தால், முதல் வால்வைப் பிடுங்கியதும் அந்தக் கிரிட் முழு ஹெச்டிக்கு ஏறி 6080 வரம்பு மீறிக் கரண்ட் இழுக்கும். நடுவில் டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டர் இருக்கும் ஆம்ப்களுக்கு மட்டுமே அந்தச் சோதனை.

அப்புறம், நன்றாகச் சூடேறிய ஆம்ப்பைக் கேட்டுக்கொண்டே அதன் ஸ்விட்சை அணையுங்கள். கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜில் வால்வுகள் சில நொடிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். அணைத்த அந்த நொடியில் உறுமல் போய்விட்டால் காரணம் ஆம்ப்புக்குள்ளேதான். அணைத்த பிறகும் அந்தச் சில நொடிகள் தொடர்ந்தால் அது வெளியிலிருந்து வருகிறது: கம்ப்யூட்டரோடு கிரவுண்ட் லூப், அல்லது பக்கத்தில் இருக்கும் வேறொரு ட்ரான்ஸ்ஃபார்மர். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினாலே தெரிந்துவிடும். எதற்காகவும் ஆம்ப்பின் எர்த் பின்னை வெட்டாதீர்கள், பெட்டியின் உலோகம் எர்த்தில்தான் இருக்க வேண்டும். சிக்னல் கிரவுண்டைப் பெட்டியோடு நேராகச் சேர்க்காமல் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து, அதற்கு இணையாக எதிரெதிர் திசையில் இரண்டு பெரிய டையோடுகளை வைப்பதுதான் முறையான வழி. ஹெட்போன் ஜாக்கின் உலோகக் கழுத்து பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடே வீணாகும், அதனால் காப்பு வாஷர் போடுங்கள்.

காந்தப்புலம்

புதிதாகக் கட்டியவர்களின் ஆம்ப்பில் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். அழகான சின்னப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைக்க ஆசைப்பட்டு, ட்ரான்ஸ்ஃபார்மரை இன்புட் வால்வுக்கு நான்கு விரல் தள்ளி வைத்திருப்பார்கள். நல்ல செய்தி, இந்தப் புலம் தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். மூன்றாம் படியில் குறைகிறது, அதாவது தூரத்தை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்கு. ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, ஒயர்களைக் காப்போடு நீட்டி, ஒரு அடி வெளியே மரப்பலகையில் வைத்துவிட்டு ஆம்ப்பை ஓட்டிக் கேளுங்கள். உறுமல் காணாமல் போனால் காரணம் உறுதி. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத் திருப்பி வைத்து, எந்தத் திசையில் குறைவு என்று பாருங்கள்.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரோ சோக்கோ (ரிப்பிளைக் குறைக்க இரும்பில் சுற்றிய காயில்) உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. இதை ஆணி அடிக்கும் முன்பே, எந்த வயரிங்கும் இல்லாமல் செய்யலாம். மேசையில் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கு மட்டும் கரண்ட், மற்ற ஒயர்கள் எல்லாம் டேப் சுற்றியபடி. தனியாக இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஹெட்போன், அதன் பிரைமரி எதோடும் சேராமல். இப்போது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை மெதுவாகச் சுற்றினால் உறுமல் ஏறி இறங்குவது காதிலேயே கேட்கும். ஏதோ ஒரு கோணத்தில், பெரும்பாலும் இரண்டின் காயில் அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்போது, கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். பென்சிலால் குறித்துக்கொண்டு அதே கோணத்தில் பெட்டியைத் துளையுங்கள். இந்த அரை மணி நேரம், பின்னால் பல வாரத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

அலுமினியப் பெட்டி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. இரும்புப் பெட்டி கொஞ்சம் தடுக்கும், ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதை நேராகத் தொட்டால் அதுவே புலத்தை அடுத்த முனை வரை எடுத்துப்போகும், ஆகவே நடுவில் 5 மில்லிமீட்டர் ஃபைபர் துண்டு வையுங்கள். இ-ஐ வகைக்குத் தாமிரப் பட்டையை வெளிப்புறமாக முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி முனைகளைச் சால்டர் செய்வதும் உதவும்.

ரெக்டிஃபயரும் கிரவுண்டும்

100 ஹெர்ட்ஸ் கேட்டால் கெப்பாசிட்டர் வாங்கப் போகும் முன், கையில் இருக்கும் ஏதாவது ஒரு 100 மைக்ரோஃபாரட் 350 வோல்ட்டைக் கடைசிக் கெப்பாசிட்டருக்கு இணையாகத் தற்காலிகமாகச் சேர்த்துக் கேளுங்கள். குறைந்தால்தான் ரிப்பிள். கணக்கும் கஷ்டமில்லை: 60 மில்லிஆம்ப் இழுக்கும் ஆம்ப்பில் முதல் கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் என்றால் அதில் ரிப்பிள் சுமார் 6 வோல்ட். அதன் பிறகு 1 கிலோ ஓமும் இன்னொரு 100 மைக்ரோஃபாரட்டும் வைத்தால் அறுபதில் ஒரு பங்காகும், ஆனால் அந்த 1 கிலோ ஓம் 60 மில்லிஆம்ப்பில் 60 வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் 6080-க்குச் சின்ன ரெசிஸ்டரோ சோக்கோ, சில மில்லிஆம்ப் மட்டும் இழுக்கும் 12ஏயூ7-க்குத் தனியாகப் பெரிய ரெசிஸ்டர் என்று பிரித்துக் கொடுங்கள்.

கெப்பாசிட்டரைக் கூட்டியும் மாறவில்லை, சத்தமும் கூர்மையாக இருக்கிறது என்றால் கிரவுண்ட் ஒயர் போகும் பாதையைப் பாருங்கள். முதல் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்யும் கரண்ட் சீராக ஓடுவதில்லை, ஒவ்வொரு அலை உச்சியிலும் குட்டித் துடிப்பாகப் பாய்கிறது. பிரிட்ஜின் மைனஸ் ஒயர் நேராக முதல் கெப்பாசிட்டரின் மைனஸ் காலுக்கே போக வேண்டும், அங்கிருந்து இரண்டாவது கெப்பாசிட்டருக்கு, அங்கிருந்துதான் ஆம்ப்பின் கிரவுண்டுக்கு. பிரிட்ஜுக்கும் முதல் கெப்பாசிட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒயரில் எதையும் சேர்க்காதீர்கள், அரை அடி ஒயரில் விழும் அந்த மிகச் சிறிய வோல்டேஜே ஹெட்போனில் கேட்கும்.

ஹீட்டர்

இரண்டு வால்வுக்கும் சேர்த்து 6.3 வோல்ட்டில் 2.8 ஆம்ப் ஏசி ஓடுகிறது, இது பெட்டிக்குள் பெரிய கரண்ட். ஒயர்களை இறுக்கமாக முறுக்கி, பெட்டியின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள், கிரிட் ஒயரைக் கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். சென்டர் டேப் (ஹீட்டர் சுற்றின் நடுவிலிருந்து வரும் ஒயர்) இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு நடுப்புள்ளி உருவாக்குங்கள். ஹீட்டர் எதோடும் சேராமல் மிதந்தால் கட்டாயம் உறுமும். அந்த நடுப்புள்ளியைக் கிரவுண்டில் சேர்ப்பதைவிட 35 வோல்ட் மேலே தூக்கி வைப்பது மேல்: ஹெச்டியிலிருந்து 220 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம், அதற்கு இணையாக 22 மைக்ரோஃபாரட். ஹீட்டரிலிருந்து கேதோடுக்குக் கசியும் கரண்ட் இதில் நின்றுவிடும். உறுதிசெய்ய ஒரு 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியில் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் கேட்டாலே போதும்.

எடுத்த எடுப்பில் ஹீட்டரை டிசியாக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் வைத்தால் செகண்டரியில் ஓடும் கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகும், இரும்புச் சத்தம் கூடும், புதிதாக ஒரு துடிப்புக் கரண்டும் பெட்டிக்குள் வந்துவிடும்.

எவ்வளவு குறைந்தால் போதும்

1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும் ஹெட்போனில் 1 மில்லிவோல்ட் உறுமல் சுமார் 43 டெசிபல். மனிதக் காதுக்கு 50 ஹெர்ட்ஸ் கேட்க ஆரம்பிப்பதே 44 டெசிபல் பக்கம், ஆனால் 100 ஹெர்ட்ஸ் 26-27 டெசிபலிலேயே கேட்டுவிடும். ஆக, அதே 1 மில்லிவோல்ட் 50-இல் இருந்தால் கேட்பதே சந்தேகம், 100-இல் இருந்தால் நன்றாகவே கேட்கும். 100 ஹெர்ட்ஸுக்கு 0.1 மில்லிவோல்ட்டை இலக்காக வையுங்கள். மலிவு மல்டிமீட்டர்களில் ஏசியின் ஆகச் சின்ன அளவே 200 வோல்ட், அது இதற்கு உதவாது. அவுட்புட்டில் 300 ஓம் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, ஆம்ப் சூடேறி நிலைத்த பிறகு, 10 கிலோவும் 1 கிலோவும் வைத்த டிவைடர் வழியாக பேட்டரியில் ஓடும் லேப்டாப்பின் லைன் இன்புட்டில் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்ற வரைபடம்) பாருங்கள். முதலிலேயே செருகிவிட்டு ஆம்ப்பை ஆன் செய்தால் அவுட்புட் கெப்பாசிட்டர் வழியாக வரும் அடி லேப்டாப்பைக் கொன்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் 50-இன் கோடு உயரமாகவே நின்று, ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்ப இடமும் இல்லை என்றால் அதைத் தனிப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். ரெக்டிஃபயரும் முதல் கெப்பாசிட்டரும் ட்ரான்ஸ்ஃபார்மரோடே போகட்டும், இரண்டு பெட்டிக்கும் தனித்தனியே எர்த் வேண்டும், நடுவில் ஒரு மீட்டர் கேபிள் தாராளமாகப் போதும். ஹெச்டி வரும் பக்கத்தில் பெண் கனெக்டர் இருக்க வேண்டும். கேபிள் கழன்று தொங்கினாலும் விரல் படும் இடத்தில் 200 வோல்ட் நிற்கக் கூடாது.